எறிஞ்சிடவா?

— அந்தக் கேள்வியை எடுத்துடு தம்பி.

— எந்தக் கேள்வி அண்ணி?

— இந்தக் கம்ப்யூட்டர் சுவரு கேக்குதே, அதுதான். கையை இப்படி விசிறினா எழுதினதைத் தூக்கி எறியும். அதுக்கு முன்னாடி 'எறிஞ்சிடவா'ன்னு ஒரு வார்த்தை கேக்கும்ல? இன்னிக்கு அது கேக்கக் கூடாது.

— அதாவது, கை ஆடின உடனே எறிஞ்சிடணும். இந்தச் சுவரை வாங்கறவங்க வந்து உக்காந்து பாக்கப் போற நாள்லயா?

— அவங்க உக்காந்து பாக்கறதுதான் எனக்கு வேணும். விசிறி இந்தச் சுவத்து முன்னாடி வந்து நிக்கட்டும். கையை ஆட்டாம நாலு வார்த்தை பேச அந்தாளுக்கு வராது. ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பக்கம் காணாமப் போகணும். சபையில மூக்கறுபடணும்.

— முதலாளிக்கு விசிறின்னு பேர் வச்சதே நீங்கதான். இப்ப ஆபீஸ் முழுக்க அப்படித்தான் கூப்பிடுது.

— நான் எங்க வச்சேன்? அந்தக் கை வச்சுக்கிட்டது.

— அதாவது அண்ணி, அவர் காலையில எனக்குப் போன் பண்ணினாரு. இன்னிக்குச் சுவரை இயக்கிக் காட்டப் போறது...

— அத விடு.

— "இன்னிக்குச் சுவரை இயக்கிக் காட்டப் போறது." இந்தக் குறிப்பை எறிஞ்சிடவா?

— எறி. பாத்தியா தம்பி, இதைத்தான் சொல்றேன். நடுவுல இப்படி ஒரு குரல் வந்துச்சுன்னா அந்தாளு முழிச்சுக்குவாரு. கையை இறக்கிடுவாரு.

— நாம பேசறதையெல்லாம் அது வேற எழுதிக்கிட்டே இருக்கு.

— வேலைப் பேச்சுன்னு அதுக்குப் பட்டா எழுதும். அதுக்குத்தானே கையை ஆட்டி ஆட்டித் துடைச்சுக்கிட்டு இருக்கேன். நீ எடு.

— எனக்குப் பயமா இருக்கு. மாட்டினா உங்களோட சேந்து நானும் வெளியில நிப்பேன்.

— இங்க உன்னை உள்ள கூட்டிட்டு வந்தது யாரு?

— நீங்கதான்.

— உங்க அண்ணன் கையைக் கட்டிக்கிட்டு நின்னப்ப, எம்புருஷன் தம்பின்னு போய்ச் சொன்னது யாரு?

— நீங்கதான் அண்ணி. வாரத்துக்கு ஒரு தடவை சொல்றீங்க, எப்படி மறக்கும்?

— அப்பக் கேளு. கீபோர்டு வேணாம், மவுஸ் வேணாம், மேசையைச் சுத்தி நாலு பேரு உக்காந்தா எப்படிப் பேசிக்குவாங்களோ, கையைக் காட்டுவாங்களோ, அப்படியே இருக்கட்டும், புரிஞ்சுக்கறது சுவரோட பாடுன்னு இந்த ஆபீஸ்ல மொதல்ல வாயைத் திறந்து சொன்னது நான். பைத்தியம்னாங்க. ரெண்டு வருஷம் தூங்கல. அன்னிக்கு மேடையில ஏறி அந்தாளு என்ன சொன்னாரு?

— 'ஒருநாள் குளிச்சுக்கிட்டு இருக்கும்போது எனக்குத் தோணிச்சு'ன்னாரு.

— குளிச்சாராம். நான் பெத்தேன், அவரு குளிச்சாரு. எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லலாம்னு வாயெடுத்தேன். புறங்கையால ஒரு விசிறு, ஈ ஓட்டற மாதிரி. 'உக்காரும்மா, அப்புறம் பாக்கலாம்.' கூட்டமே சிரிச்சுது. நீயும் சிரிச்சே.

— நான் இருமினேன் அண்ணி.

— இருமலுக்குப் பல்லு தெரியுமா? சரி போ. வீட்டுக்கு வந்து அழுதேன், உனக்குத் தெரியும். அழுது முடிச்சுட்டு யோசிச்சேன். சுவத்துக்கு எறியற அசைவு ஒண்ணு பழக்கணும்னு பாக்கி இருந்துச்சு. அந்தாளு கையையே பழக்குன்னு உங்கிட்டச் சொன்னேன். என்னை உக்கார வச்ச கை அவரையே உக்கார வைக்கட்டும். வயித்தெரிச்சல் தம்பி. இத்தனை நாளாகியும் ஆறல.

— உங்க கோபம் எனக்குப் புரியுது. நெசமாவே புரியுது. அதாவது, செஞ்சது ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்குன்னா எப்படி வலிக்கும்னு எனக்கும் தெரியும்.

— உனக்கு என்ன தெரியும்?

— கையை மூடினா குறிப்பைப் பத்திரமா பிடிச்சு வச்சுக்குதே சுவரு, அது நான் சொன்னது. நம்ம சமையலறையில. நான் பாத்திரம் கழுவறேன், நீங்க துடைக்கிறீங்க. ஈரக் கையில கரண்டியை இறுக்கிப் பிடிச்சுக் காட்டி, 'வச்சுக்கறதுன்னா இப்படித்தானே அண்ணி'ன்னேன். மறுவாரம் அது உங்க பேர்ல வந்துச்சு.

— ஒரே வீட்டுக்குள்ள உன்னுது என்னுதுன்னு இருக்கா?

— டிசைன் பக்கம் மாத்துங்கன்னு கேட்டேன். 'அவன் கேமரா கழுத்தைத் திருப்பத்தான் லாயக்கு'ன்னீங்க. எல்லாரும் இருக்கும்போது.

— விளையாட்டுக்குச் சொன்னதுப்பா. அத விடு. இப்ப அதுவா முக்கியம்?

— "செஞ்சது ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்கு." இந்தக் குறிப்பை எறிஞ்சிடவா?

— எறி, எறி. இன்னும் எடுக்கலையா நீ?

— இதோ. எடுத்துட்டேன். ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, இனி அந்தக் கேள்வி வேணும்னா சுவரை அணைச்சு மறுபடி எழுப்பணும். அது சோம்பேறி, எந்திரிக்க அரை மணி பிடிக்கும்.

— வேணாம். எதுக்கு வேணும்?

— அதாவது அண்ணி, ஒரு நிமிஷம். விசிறி போன்ல என்ன சொன்னாருன்னா, வாங்க வர்றவங்க அவர்கிட்ட ஒண்ணு கேட்டிருக்காங்க...

— அந்தாளு பேச்சை எங்கிட்டக் கொண்டு வராதே. அத விடு. ஆகா. போயிடுச்சு பாரு. கேக்கவே இல்ல.

— கேக்கல.

— என்ன சுத்தமா எறியுது. எம் பொண்ணுகூட நான் சொன்னா இவ்வளவு சட்டுனு கேக்க மாட்டா. ஏன் தம்பி அப்படிப் பாக்கறே? யானைக்கு ஒரு காலம்னா பூனைக்கு ஒரு காலம். அந்தாளுக்குப் பாவம் பாக்காதே.

— அவருக்குப் பாக்கல.

— லிஃப்ட் சத்தம் கேக்குது. வந்துட்டாங்க. எங்க விசிறியைக் காணோம்?

— அவர் கடைசி வரிசையில உக்காந்து பாப்பாராம்.

— அப்ப முன்னாடி யாரு நிக்கறது?

— இதைச் செஞ்சது யாரோ அவங்களே இயக்கிக் காட்டட்டும்னு வாங்கறவங்க கேட்டிருக்காங்க. விசிறி உங்க பேரைக் குடுத்துட்டாரு. 'ஆரம்பத்துலேருந்து எல்லாமே அந்தம்மா செஞ்சது'ன்னு சொல்லித்தான் குடுத்தாராம்.

— என் பேரையா?

— உங்க பேரைத்தான் அண்ணி.

— கேள்வியைத் திரும்பப் போடு. சீக்கிரம் போடு தம்பி.

— அரை மணி ஆகும். அவங்க வராண்டாவுல நடந்து வர்றாங்க.

— சரி, சரி. நான் பாத்துக்கறேன். அதுக்குப் பழக்கினது அந்தாளு கை. நான் வேணும்னே ஆட்டினாத்தான் எறியும், பேச்சோட ஆடினா எறியாது.

— விசிறி ஒருநாள்கூட கேமரா முன்னாடி வந்து உக்காரல. ஆனா எறியற அசைவு வேணும்னீங்க. நாம ரெண்டு பேரும் வேலை பாத்த பதிவையெல்லாம் போட்டுப் பாத்தேன். நான் பேச ஆரம்பிச்ச இடத்துல எல்லாம் அந்த அசைவு இருந்துச்சு. புறங்கை, லேசா ஒரு விசிறு. அது உங்க கை.

— என்னோடதா?

— வேற யார் ஆட்டினாலும் சுவரு கொஞ்சம் யோசிக்கும். நீங்க ஆட்டினா யோசிக்கவே யோசிக்காது.

— பாவி, இவ்வளவு நேரம் கூடவே இருந்தியே. அவங்க என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்கன்னு சொல்ல வேணாமா?

— சொல்ல வந்தேன், ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் கையை ஆட்டினீங்க.

— மூணாவது தடவை சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருக்கலாம்.