கடைசித் தாள் இல்லாத நான்காம் பாகம்

சார், அந்தப் புத்தகத்தின் மேல் டீ கிளாஸை வைக்காதீர்கள். காமிக்ஸ் புத்தகம், மட்டமான தாள். ஈரம் பட்டால் ஒரு பக்கத்தின் மை அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். வேலூர் லாங் பஜாரில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் பேரம் பேசி, நானும் சமீருல்லாவும் சேர்ந்து வாங்கியது. கடைசித் தாள் கிழிந்துபோயிருப்பது பஸ்ஸில் வரும்போதுதான் தெரிந்தது.

அட்டையைப் பார்த்துச் சிரித்தீர்கள். பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான். அட்டையில் ஒருவர் அங்கி பறக்க வானத்தில் நிற்பார். உள்ளே அவர் அநேகமாக வரவே மாட்டார். அவர் காப்பாற்றுகிற நகரத்தில் ஒரு சின்ன அலுவலகம் இருக்கும். அங்கே கோட்டு போட்ட சாதாரண மனிதர்கள் உளவு பார்ப்பார்கள், பொய் சொல்வார்கள், வேண்டியிருந்தால் தங்கள் ஆளையே தீர்த்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போவார்கள். மேலே இருப்பவர் சுத்தமாக இருக்க, கீழே யாராவது கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கான கதை, சார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கும் எனக்கு இதைவிட நன்றாகப் புரிந்த கதை வேறு இல்லை.

எங்கள் ஷாப்பில் மழை பிடித்தால் கழிவுநீரை டேங்கரில் ஏற்றி எங்காவது கொட்டிவிடுவோம். வெள்ளத்தோடு வெள்ளமாகப் போய்விடும். யாரோ அதை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை பிடிபட்டால் சீல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேனேஜர் கிருபானந்தம் என்னைக் கூப்பிட்டார். "யாருன்னு கண்டுபுடி ஷாஜின். சீல் வெச்சிட்டா நீயும் நானும் இன்னா பண்றது?" ஷாப்பை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. நான் அவர்களைத்தான் நினைத்தேன்.

வழி இந்த நான்காம் பாகத்தில் இருந்தது. அந்த அலுவலகத்தின் தலைவி, சந்தேகப்படும் மூன்று பேரிடம் மூன்று வேறு சேதிகள் சொல்வாள். எந்தச் சேதி எதிரியிடம் போய்ச் சேர்கிறதோ, அதைக் கேட்டவன்தான் துரோகி. நானும் அப்படியே செய்தேன். டேங்கர் டிரைவர் எலியாஸிடம் பாலாற்றில் கொட்டப்போகிறோம் என்றேன். லேபில் வேலை பார்க்கும் அம்பரீனிடம் ஏரிக் கால்வாய் என்றேன். கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சமீருல்லாவிடம் ஹைவே பாலத்தடி என்றேன். அவன்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"எனக்கு மட்டும்தான் சொல்றியா தோஸ்த்?" என்று கேட்டான்.

"உனக்கு மட்டும்தான்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். "அந்த நாலாம் பாகத்த குடு. இன்னொரு தபா படிக்கணும்."

கொடுத்தேன். மத்தியானம் கேண்டீனில் அவன் அம்பரீனிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவள் திறந்த டிபன் பாக்ஸைச் சாப்பிடாமலே மூடிவிட்டாள். பையன் வழிகிறான் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். மறுநாள் அதிகாரிகளின் ஜீப் பாலத்தடியில் வந்து நின்றது.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேனேஜர், "வேலைய விட்டு அனுப்பிடு, போதும்" என்றார். அவர் இந்த மாதிரிப் புத்தகங்கள் படிக்கிறவர் இல்லை. வெளியே போன ஆளுக்கும் வாய் இருக்கும். தலைவிக்கு அது தெரியும். அதனால்தான் அவள் துரோகியாகிப்போன தன் சிநேகிதனைத் தனியாக ஒரு பாலத்தைக் கடக்கச் சொல்கிறாள். எங்கள் பிரதியில் இருக்கும் கடைசிப் படத்தில், அவன் பாதிப் பாலத்தில் நின்று திரும்பிப் பார்ப்பான். அதற்கப்புறம் தாள் இல்லை.

அதைப் பற்றி நாங்கள் டீக்கடையில் நிறைய சண்டை போட்டிருக்கிறோம்.

"பாலம் இடியும். அந்த நேரம் பாத்து அவரு மேலேர்ந்து பறந்து வந்து புடிச்சுடுவாரு பாரு" என்பான் சமீர்.

"இது அந்த மாதிரிக் கதை இல்லடா. யாரும் வரமாட்டாங்க."

"அட்டைல அவரு படத்த போட்டு வித்துட்டு, கடைசி வரைக்கும் வரலன்னா காச திருப்பிக் கேக்கமாட்டானுங்களா?"

தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது என்று நான்தான் அவனிடம் சொன்னேன். அடைத்துக்கொள்ளவில்லை. இறங்குவதற்கு முன்னால் ப்ளோயரை ஓட்டி உள்ளே இருக்கும் விஷக்காற்றை வெளியேற்ற வேண்டும்.

"ப்ளோயர் ஓட்டினியா?"

"காலைலேர்ந்து ஓடுச்சு. இப்பதான் நிறுத்தினேன்."

ஏணியில் பாதி இறங்கியதும் நின்றான். "நாத்தமே கம்மியா கீதே" என்றான். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறவரை பயமில்லை, திடீரென்று நின்றுபோனால்தான் பயம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அண்ணாந்து என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். இறங்கினான்.

அம்பரீன் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். தகவல் கொடுத்ததெல்லாம் தான்தான் என்கிறாள். ஊரில் போர் தண்ணீர் மஞ்சளாக வருகிறதாம், குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் புண்ணாம். சமீர் இந்தப் புத்தகத்தை அவளிடம் கொடுத்து, மூன்று சேதி இருக்கும் பக்கத்தைக் காட்டி, "நீ சும்மா இரு, நான் என்னோடத அனுப்பிடுறேன்" என்றானாம். அவள் அழுததற்கு, "வேலைதான போவும்? ஷாஜின் இருக்கான், வேற எடத்துல சேத்துவுட்டுடுவான்" என்றானாம்.

அவளுக்கு அவன்மேல் பிரியம் இருந்திருக்கும். செத்தவனை நல்லவனாக்கச் சொல்கிறாள். ஹைவே பாலம் நான் அவனிடம் மட்டும் சொன்ன சேதி. அதை நீங்கள் மறுக்க முடியாது.

கீழே இருந்து என் பெயரைக் கூப்பிட்டான். ஒரு தடவைதான். ப்ளோயர் ஸ்விட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். அவனுக்காகத்தான் பார்த்தேன், அவன் அவ்வளவு நம்பியிருந்தானே. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரும் வரவில்லை, சார். நான் சொன்னதுதான் சரி.