பசுந்தாங் பீர்க்கடையில் மூன்று கிளாஸ்

பர்மாவில், பசுந்தாங் வட்டாரத்து பீர்க்கடை ஒன்றில் மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர். இளையவர் முன்னால் பீர், கறுப்பு பீர், பனங்கள் என்று மூன்று கிளாஸ். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

“தாய்லாந்துல நம்ம ஊர்ச் சரக்கு கிடைக்காது மச்சான். எந்த ருசி ஞாபகத்துல நிக்கும்னு பார்க்கிறேன்.”

“எப்போ போறே?”

“நாளைக்குக் காலையில பஸ். பட்டாளத்துக்குக் கட்டாயமா ஆள் எடுக்கிற லிஸ்டுல என் பேரு வந்திருச்சு. பிடிக்க வர்றதுக்குள்ள எல்லை தாண்டிடணும்.”

“என் தங்கச்சிகிட்ட சொன்னியா?”

இளையவர் வாசலைப் பார்த்தார். செல்போனைக் கவிழ்த்து வைத்தார், மறுபடி நிமிர்த்தினார். “நீங்க சொல்லுங்களேன்.”

“கட்டினவன் நீ. நீதான் சொல்லணும்.”

கடைசியில் பாதி பர்மிய மொழியிலும் பாதி தமிழிலும் போனில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“எங்கே இருக்கேன்னு கேட்டுட்டு வெச்சுட்டா மச்சான்.”

கால் மணி நேரத்தில் ஒரு பெண் நனைந்த குடையோடு உள்ளே வந்து கணவருக்கு எதிரே உட்கார்ந்தார். கள்ளை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்.

“புளிக்குது. நாளைக்கு பஸ்ல எனக்கும் ஒரு சீட்டு கிடைக்குமா?”

கணவர் கறுப்பு பீரை மனைவி பக்கம் நகர்த்தினார். அண்ணன்தான் எழுந்து, பஸ்காரருக்குப் போன் போட வெளியே போனார்.