வாயில் பஞ்சு, வலையில் முகவரி

டாக்டர்: ...மூடாதீங்க சார், மூடாதீங்க! பஞ்சு நழுவுது பாருங்க. சிஸ்டர், உன் வீட்டுக்காரருக்கு ஏன் இப்படி வேர்க்குது?

சிஸ்டர்: பயந்த சுபாவம் டாக்டர். வீட்டுல பல் தேய்க்கும்போதே கண்ணை மூடிக்குவாரு.

டாக்டர்: வெறுமனே பல்லைச் சுத்தம் பண்றதுக்கா? நானே போன் போட்டுக் கூப்பிட்டப்ப உடனே வரேன்னாரே.

சிஸ்டர்: நீங்களா? இவரு நம்பர் உங்களுக்கு ஏது... நான் குடுத்ததே இல்லையே.

டாக்டர்: அதுவா... இன்டர்நெட்ல கெடச்சுது. யாரு தேடினாலும் கெடைக்கும் போல. ஏன் சார், 'ஆ காட்டுங்க'ன்னு ஒரு வெப்சைட் இருக்காமே, பார்த்திருக்கீங்களா?

கணவர்: ம்ஹூம்... ம்ஹூம்...

டாக்டர்: பூரா ஒரு பல் டாக்டரம்மாவைப் பத்தின கதைங்க. பல்லைப் பிடுங்கறப்ப பாட்டு முணுமுணுப்பாங்களாம். 'வலிக்காது, வலிக்காது'ன்னுட்டு, அவங்களே கண்ணை இறுக்கி மூடிக்குவாங்களாம்!

சிஸ்டர்: யாரோ வேலைவெட்டி இல்லாதவங்க டாக்டர்... நான் போயி அந்த டிரேயை...

டாக்டர்: நில்லு, ஓடாதே. அந்த வெப்சைட் பேரை யாரு பதிவு பண்ணினதுன்னு பார்த்தா, உன் வீட்டுக்காரர் பேரு வருது. கதவு நம்பர், தெரு, போன் நம்பர், ஒண்ணு விடலை.

சிஸ்டர்: எல்லாமா?

டாக்டர்: எத்தனாவது மாடிங்கறது வரைக்கும்.

கணவர்: ஆ... நாந்தா... நாந்தான் எழுதினேன்...

டாக்டர்: பஞ்சை முழுங்கிடாதீங்க! நீங்களா எழுதினீங்க? சரி, கதையில அந்த டாக்டரம்மா ஊசி போடறது எந்தக் கையால?

கணவர்: வல... வலது?

டாக்டர்: நான் இடதுகைக்காரி சார். கதையிலயும் அப்படித்தான் இருக்கு.

சிஸ்டர்: அவரை விட்டுடுங்க டாக்டர்! எனக்காகத்தான் பழியை ஏத்துக்கறாரு, பாவம். ஒரு வரி படிச்சதுகூட இல்ல. நான்தான்... மத்தியானம் நீங்க சாப்பிடப் போற நேரத்துல எழுதறேன். என் பேரு வெளியே தெரியக் கூடாதுன்னு இவரு பேரைக் குடுத்துட்டேன்.

டாக்டர்: அடி பைத்தியமே! ஒளிஞ்சுக்க உனக்குப் புருஷன் முதுகுதானா கெடச்சுது? ரெண்டு பேருக்கும் ஒரே வீடுதானே!

சிஸ்டர்: பதிவு பண்றப்ப அட்ரஸ் கேட்டாங்க, குடுத்தேன். அதை உலகமே பார்க்கலாம்னு யாரு கண்டா?

டாக்டர்: மறைக்கணும்னு சொன்னா மறைச்சுடுவாங்களாம். என் தம்பி சொன்னான். ஒரே ஒரு டிக்.

சிஸ்டர்: இப்பவே பண்ணிடறேன். வெப்சைட்டையே மூடிடறேன். டாக்டர்... என் வேலை? எனக்கு இந்த இடம் உசிரு டாக்டர். புடிக்காமயா இவ்வளவு எழுதுவேன்?

டாக்டர்: வேலை எங்கயும் ஓடிப்போகாது. நீ முதல்ல இதைக் கேளு. பல் செட்டை ஃப்ரிட்ஜுல வெச்சுட்டு ஊரெல்லாம் தேடின நம்ம பேஷண்டைப் பத்தி எழுதினியே... அவரு முந்தாநாள் நீ வீட்டுக்குப் போனப்புறம் இங்க வந்தாரு. கையில இருந்த போன்ல உங்க வீட்டு முகவரி.

சிஸ்டர்: ஐயையோ! வீட்டுல என் பொண்ணு தனியால்ல இருப்பா...

கணவர்: என்னது!

டாக்டர்: மூஞ்சியெல்லாம் சிவந்துபோயி நிக்கறாரு. அங்க போறதுக்கு எந்தப் பஸ்ஸுன்னு என்கிட்டயே கேக்கறாரு.

சிஸ்டர்: நீங்க... நீங்க என்ன சொன்னீங்க?

டாக்டர்: என்னத்தைச் சொல்றது... அத்தனையும் நான் எழுதறதுதான்னுட்டேன். சார் பேரு என் புனைபெயராம், அது நான் எப்பவோ காலி பண்ணின வீடாம். வாயில வந்ததையெல்லாம் அள்ளிவிட்டேன். மனுஷன் கொஞ்ச நேரம் என்னையே முறைச்சாரு. அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, அடுத்த கதையில தன்னைக் கொஞ்சம் அழகாக் காட்டணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. செவ்வாய்க்கிழமை வந்து கேப்பாரு. மூடறேன் கீடறேன்னு சொல்லாம ஒழுங்கா உக்காந்து எழுதும்மா... எனக்கு மருந்துச் சீட்டைத் தவிர வேற எதுவும் எழுத வராது!