கீழ்த்தள வரைபடத்தின் பழைய பிரதி குறித்து

நான் மேலே எழுதப்பட்ட விலாசத்தில் கணவருடன் வசிக்கிறேன். வயது 41. கட்டுமானக் கம்பெனியில் பதினாறு ஆண்டுகளாக வரைபடம் போடும் வேலை. இறந்துபோனவர் என் கணவரின் தம்பி. அதே கம்பெனியில் துளையிடும் இயந்திரம் ஓட்டியவர்.

சம்பவத்தன்று காலை ஒன்பது மணிக்கு, கீழ்த்தளத் தரைக்கு அடியில் போகும் மின்கேபிளை நான் வரைபடத்தில் தவறான இடத்தில் போட்டிருப்பதாக மின்பிரிவிலிருந்து தகவல் வந்தது. உடனே சிவப்புக் கோட்டைத் தூணுக்கு மேற்கிலிருந்து கிழக்கே மாற்றி, கம்பெனியின் க்ளவுட் ஃபோல்டரில் அதே பெயரில் சேமித்தேன். பச்சை டிக் வந்தது. அதன் பிறகு கொழுந்தனாருக்குப் போன் செய்தேன். கீழ்த்தளத்துக்கு இறங்கும் சரிவில் நின்று பேசினார்.

"தம்பி, கேபிள் கோட்டை மாத்திருக்கேன். புதுசு வந்துருச்சான்னு டேப்லெட்ல பாருங்க."

"பச்சை டிக் இருக்கு அண்ணி. நீங்க கோடு போட்டா நான் ரோடே போட்டுருவேன்" என்று சிரித்துவிட்டு வைத்தார். எந்தப் பக்கம் மாற்றினேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

என் கணினியில் டிக் வந்தால் ஃபைல் க்ளவுட்டுக்கு ஏறிவிட்டது என்று பொருள். டேப்லெட்டில் அப்படியல்ல, கடைசியாக இணையம் கிடைத்தபோது இறக்கிய பிரதி உள்ளே இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். டேப்லெட்டுக்கு வைஃபை மேலே இருக்கும் தள அலுவலகத்தில்தான் கிடைக்கும். அன்று காலை ஏழு மணியிலிருந்து டேப்லெட் கீழ்த்தளத்தில் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். போனில் பேசும்போது நினைவுக்கு வரவில்லை.

பத்து நாற்பதுக்கு அவரை மின்சாரம் தாக்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டியில் ஏற்றியிருந்தார்கள். இயந்திரத்தின் அருகில் ஒரு ஷூ கிடந்தது. தூணுக்குக் கிழக்கே நான்கு அடி அளந்து, சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டு, சரியாக அதன் நடுவில் துளையிட்டிருந்தார்.

அதன் பிறகு டேப்லெட்டை எடுத்துப்போய்த் தள அலுவலக மேசையில் வைத்தேன். வரைபடம் திறந்தபடி இருந்தது. கோடு மேற்கே இருந்தது, கிழக்கே எதுவும் இல்லை. வைஃபை கிடைத்ததும் திரை ஒருமுறை மினுக்கியது. கோடு கிழக்கே வந்துவிட்டது. பழைய பிரதி இப்போது அதில் இல்லை.

சற்று நேரத்தில் தளப் பொறியாளர் வந்து பார்த்து, "புதுசு கையிலயே இருக்கு. பார்க்காம ஓட்டிருக்கான்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

மூன்று நாள் திறக்கவில்லை. கணவர், துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "சின்ன வயசுலருந்தே அவன் அவசரக்குடுக்கை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்று காலை, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, இறந்தவரின் மனைவி வந்து, "அக்கா, அவர் பார்க்காமலா போட்டாரு?" என்று கேட்டாள். "பார்த்துதான் போட்டாரு" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

டேப்லெட்டுக்குப் புதிய ஃபைல் எத்தனை மணிக்கு வந்தது என்பது க்ளவுட்டில் பதிவாகியிருக்கும். பழைய பதிப்பும் அங்கே இருக்கும். எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். நாளை அந்தத் தரைக்குக் கான்கிரீட் போடப்போகிறார்கள். அதற்குள் சாக்பீஸ் குறியைப் படமெடுக்க வேண்டும்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே 'சாட்சி' என்று அச்சிட்டிருந்தது. அது சரிதானா என்று கேட்டேன். "இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்மா" என்றார் அதிகாரி.

(ஒப்பம்)