நாலாந்தரம் பார்க்கிற சீரியல்

லாஸ்பேட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தங்கையும். அக்காவுக்குக் குரலை அடக்கத் தெரியாது.

"உன் வீட்டுக்காரரு பேங்க் மேனேஜர் முன்னாடி இடுப்பு ஒடியற மாதிரி குனிஞ்சாராமே, எதுக்குடி?"

"கொரியன் சீரியல்ல கம்பெனி ஆரம்பிக்கிறவன் அப்படித்தான் குனியறானாம். இவரு லோன் கேக்கப் போயி குனிஞ்சிருக்காரு. ஏதோ கீழ விழுந்துடுச்சின்னு மேனேஜரும் மேசைக்கடியில தேடியிருக்காரு."

"இன்னுமா அந்த சீரியலயே பாக்குறாரு?"

"நாலாந்தரம். நோட்டு போட்டு எழுதிக்கினு பாக்குறாரு. இருந்த வேலையையும் விட்டாச்சி."

"கம்பெனின்னா என்னதான் பண்ணப் போறாராம்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'சீரியல்ல எங்கியோ சொல்லியிருப்பாங்க, நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்'னு மறுபடியும் மொதல்லேர்ந்து போட்டுட்டாரு."