ஸில்லி என்றொரு செல்லச்சொல்

மானம் என்ன விலை என்று சந்தையில் விசாரித்துப் பாருங்கள், ஒரு கூடை ஐஸ்கட்டிக்குக்கூடத் தேறாது. நான் மீன் வியாபாரி. பேரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். கோபக்காரன் கடை வைக்க லாயக்கில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே, ஐயா, என் வாக்குமூலத்தில் கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அக்கா புருஷன் எங்கள் குளிர்கிடங்கில் என் கூட்டாளி. வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் ஊறிக்கொண்டிருக்கும். செதில் ஒட்டிய கையால் என் கன்னத்தைத் தட்டி, "யூ ஸில்லி பாய்" என்பார். எச்சில் மூக்கில் தெறிக்கும். ஒருநாள் பெரிய ஓட்டல்காரரிடம் நான் மல்லுக்கட்டி விலை படியப்போகும் நேரம். "விடுங்க சார், நம்ம மாப்ளே கொஞ்சம் ஸில்லி" என்றார். ஓட்டல்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் விலையே கேட்டதில்லை. மெல்ல மெல்ல யாரும் கேட்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன்.

"திட்டவா செஞ்சாரு? செல்லமா சொல்றாருடா. இங்கிலீஷ்ல அதெல்லாம் ஒரு வசவா?" என்றாள்.

அதுதான் குமட்டியது. தமிழில் முட்டாள் என்றிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு, சேர்ந்து டீ குடிக்கப் போயிருப்பேன். இது சர்க்கரையில் புரட்டிய அழுகல். துப்பினால் நான் அற்பன், விழுங்கினால் ஸில்லி.

உறைபனி அறைக்குள் போகிறவர் தம் தொப்பியை வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஆணி காலியாக இருந்தால்தான் கதவைத் தாழிடுவோம். எங்கள் கிடங்கில் அதுதான் முறை. சனிக்கிழமை ஆட்கள் எல்லோரும் போன பிறகு அத்தானின் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. வியர்வையும் தலையெண்ணெயும் ஊறி உள்விளிம்பு பிசுபிசுவென்று கறுத்திருந்தது. இரண்டு விரலால் எடுத்து மீன்குடல் கொட்டும் வாளியில் போட்டேன். ஆணி காலி. முறைப்படி தாழிட்டேன்.

தட்டினார். "மாப்ளே, வெளையாடாத. டோன்ட் பி ஸில்லி."

அப்போதும் அதே சொல். "டேய் நாயே, தெறடா" என்றிருந்தால் ஒருவேளை திறந்திருப்பேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். தொப்பி நாற்றம் லேசில் போகவில்லை. அது போனபோது தட்டலும் நின்றிருந்தது. திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் நான்தான்.

மனம் புண்பட்டதா என்று கேட்கிறீர்கள். இத்துனூண்டு சொல்லுக்கெல்லாம் புண்படுகிறவனா நான்? அத்தான் கணக்கு நேராகிவிட்டது. அந்தச் சொல்லை எழுதும்போது உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனதே, ஐயா, அது மட்டும் பாக்கி.