விமலேஸ்வரி அக்காவின் கிணற்று மீன்கள்

எனக்குத் தயிர் பிடிக்காது, ஐயா. விமலேஸ்வரி அக்காவுக்கு என்மேல் இருந்த ஒரே குறை அதுதான். உருத்திரபுரத்து வாய்க்கால் கரையில் பாதி வீடுகளின் தயிர் அவர் கொடுத்த உறைமோரில் தோய்ந்தது. விளக்கு வைத்த பிறகு தரமாட்டார். மற்ற நேரத்தில் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். அதற்காகத்தானே என்னைப் பொலிசுக்குக் கூப்பிட்டீர்கள்?

அவருடைய வீட்டு வளவில் முன்பு ஒரு பூச்சிமருந்துக் களஞ்சியம் இருந்தது. களஞ்சியம் போய்விட்டது, மருந்து மண்ணை விட்டுப் போகவில்லை. கத்தரி வைத்தால் கருகும். அந்த நஞ்சைத் தின்னவென்றே ஆய்வுகூடத்தில் மரபணுவை மாற்றி ஒரு பக்டீரியாவை உருவாக்கினேன். என் செல்லம் அது. வெளியே விட அனுமதி வேண்டுமென்றால் அதிகாரிகளை அனுசரித்துப் போ, ஆடுகிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும் என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். எனக்கு ஆட்டம் வராது. ஒரு போத்தலில் கொண்டுபோய் அக்காவின் மண்ணில் ஊற்றிவிட்டேன்; அடியில் மிஞ்சியதை அக்கா எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த போகம் கத்தரி காய்த்துக் குலுங்கியது. அக்கா பொங்கிப் படைத்தார். சந்தோசத்தில் அழுதேன், பொய்யில்லை. பிறகொரு நாள் பார்த்தால், பக்கத்து வீட்டு வடிவம்மாவுக்கு என் செல்லத்தைப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

“இதுவும் உறைமோர் மாதிரித்தானே, பிள்ளை? சீனித்தண்ணி விட்டால் பெருகுது. கேக்கிற சனத்துக்கு இல்லையெண்டு சொல்லேலுமே?”

தடுத்திருக்கலாம். சிரித்துவிட்டு, வெயிலில் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அறுவடைக்குள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பரவிவிட்டது.

அங்கே கிணற்றில் மீன் விடுவார்கள். மீன் ஓடினால் தண்ணீர் நல்லது, அவ்வளவுதான் அவர்களுடைய பரிசோதனை. ஒரு காலை அக்காவின் கிணற்றில் மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. எனக்கு உடனே விளங்கியது. என் செல்லம் நஞ்சை முழுதாகத் தின்னவில்லை, பாதியில் துப்புகிறது. மண்ணோடு ஒட்டிக் கிடந்தது இப்போது தண்ணீரில் கரைகிற நஞ்சாகிவிட்டது. சொன்னால் வளவு வளவாகக் கிருமிநாசினி தெளித்து என் செல்லத்தைக் கொன்றுவிடுவார்கள். ஆகவே செத்த மீனை அள்ளினேன். வாய்க்காலில் உயிர்மீன் பிடித்து விட்டேன். மறுநாளும் விட்டேன். பிறகு வடிவம்மாவின் கிணற்றுக்கும். காலையில் சைக்கிள் மிதிப்பது உடம்புக்கு நல்லதுதான்.

அக்கா எட்டிப் பார்த்து மகிழ்வார், தேத்தண்ணி நீட்டுவார். நான் விரதம் என்பேன். கடவுளுக்கே தெரியாத விரதமெல்லாம் பிடிக்கிறாய் என்று கேலி செய்வார். என் பையில் கிளிநொச்சியில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் இருக்கும்.

அக்காவுக்குக் கால் வீங்கியபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான், ஐயா. எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டார்.

“எங்கட கிணத்துத் தண்ணிதான். மீன் துள்ளுது, டொக்டர். வேணுமெண்டால் பிள்ளையைக் கேளுங்கோ.”

ஓம் என்று தலையாட்டினேன். அன்றைக்கும் அந்தத் தண்ணீரைக் குடிக்கத்தான் வீட்டுக்குப் போனார்.

மீன் விட்டது நான்தான். இன்று காலையும் விட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அக்காவின் மண் இப்போது சுத்தம்.